வாய்க்கால் ஓரத்து மஞ்சள் பூ: காந்தலூரில் ஒரு காட்டுக்கடுகை இனங்கண்ட விதம்

மறையூரிலிருந்து மலையேறினால் வரும் காந்தலூரில் பூண்டும் காரட்டும் பீன்ஸும் முட்டைக்கோசும் படிப்படியான பாத்திகளில் விளைகின்றன. சுமார் 1,500 மீட்டர் உயரம். கேரளத்தின் இடுக்கி மாவட்டம்தான் என்றாலும் தோட்டத்துப் பேச்சு தமிழ். தண்ணீரும் தமிழ்நாட்டுப் பக்கமாகவே இறங்குகிறது. பாம்பாறு கிழக்கே ஓடி அமராவதியில் கலக்கிறது. மூணாறுப் பக்கம் கொட்டும் தென்மேற்குப் பருவமழை இந்தச் சரிவுக்கு அந்த அளவில் வந்து சேர்வதில்லை. அதனால் கல் கட்டிய சிறு ஊற்று வாய்க்கால்களை நம்பியே பாத்திகள் நிற்கின்றன. இந்த ஆய்வில் வரும் செடி அப்படியொரு வாய்க்காலின் ஓரத்திலும், அதற்குக் கீழுள்ள முட்டைக்கோசுப் பாத்தியிலும் நின்றது.

தோட்டக்கார அம்மா கேட்ட கேள்வியே ஆய்வுக்கு நல்ல வரைவாக அமைந்தது: "இந்தக் கடுகுச் செடி போன வருஷமும் இதே எடத்துல பூத்துச்சு. வெட்டிப் போட்டாலும் மறுபடி வருது. இது நம்ம மலைச் செடியா, வெத வாங்கினப்ப கூட வந்த களையா?" இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. கடுகுக் குடும்பம்தானா? பல்லாண்டு நிற்கும் செடியா? இந்த மண்ணுக்கு உரியதா? ஒவ்வொன்றுக்கும் சான்று வேறிடத்தில் கிடைக்கிறது. முதலாவதைப் பூ சொல்லும், இனத்தின் பெயரைக் காய் சொல்லும். இரண்டாவதை வேரைத் தவிர வேறு எதுவும் சொல்லாது. மூன்றாவதைச் செடியே சொல்லாது. ஏடுகளும் உலர்தாவரத் தொகுப்புகளும்தான் சொல்ல வேண்டும். மஞ்சள் காட்டுப்பூக்களை இனங்காண்பதில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை, பூவைப் பார்த்துவிட்டு மூன்றுக்கும் சேர்த்துப் பதில் சொல்வதால் வருகின்றன.

செயலி தந்த பெயர்

வீட்டுப் பையன் மேலிருந்து எடுத்த ஒரு படத்தைப் போனில் உள்ள செயலியில் போட்டபோது வந்த முதல் பெயர் வால்ஃபிளவர், அதாவது எரிசிமம் பேரினம். பெயரோடு வந்த குறிப்பு "இயல்தாவரம், மஞ்சள் பூ, கடுகுக் குடும்பம்" என்றது. அந்த விவரம் எரிசிமம் காப்பிடேட்டம் என்னும் இனத்துக்குப் பொருந்தும். அது வட அமெரிக்காவின் மேற்குப் பகுதிக்கு இயல்தாவரம். காந்தலூர் வாய்க்காலில் அது இயல்பாக நிற்க வழியில்லை. இந்தியாவில் எரிசிமம் காட்டில் வளர்வது இமயமலைப் பக்கம்.

இடத்தை வைத்து மட்டும் ஒரு பெயரைத் தள்ளிவிடக் கூடாது. தோட்டத்திலிருந்து தப்பிய அலங்காரச் செடியாகவும் இருக்கலாம். எரிசிமத்தைத் தள்ள 10 மடங்கு கைலென்ஸ் போதும். அதன் தண்டிலும் இலையிலும் உள்ள மயிர்கள் நடுவில் ஒட்டி இருபுறமும் நீளும், அல்லது மூன்று கிளையாகப் பிரியும். எப்படியானாலும் பரப்போடு படிந்து கிடக்கும். விரலால் தடவினால் லேசாகச் சொரசொரக்கும். நம் செடியின் தண்டு வழுவழுவென்றிருந்தது. லென்ஸில் ஒரு மயிர்கூட இல்லை. எரிசிமத்தின் இலைகள் பெரும்பாலும் குறுகலானவை, பிளவுபடாதவை; இங்கே கீழ் இலைகள் யாழ் வடிவில் பிளந்திருந்தன. பூவின் அளவும் ஒத்துவரவில்லை. வால்ஃபிளவரின் பூ கண்ணைப் பறிக்கும் அளவுக்குப் பெரியது, நம் செடியின் பூ மிளகு அளவைத் தாண்டவில்லை. படத்தில் அளவுகோல் எதுவும் இல்லாததால் செயலிக்கு அது தெரிய வாய்ப்பில்லை. படம் எடுக்கும்போது பூவுக்குப் பக்கத்தில் ஒரு அளவுகோலையோ ஒரு ரூபாய் நாணயத்தையோ வைத்தால் இந்தப் பிழையில் பாதி அங்கேயே நின்றுவிடும்.

பூவில் குடும்பம்

நான்கு மஞ்சள் இதழ்கள் இருந்தால் கடுகு என்று எடுத்துக்கொள்வது நம் ஊர்களில் ஆபத்து. ஈரநிலத்தில் நீர்க்கிராம்பும் வறண்ட வரப்பில் நாய்க்கடுகும் அதே போல நான்கு மஞ்சள் இதழ் விரிக்கின்றன.

நீர்க்கிராம்பு, அதாவது லுட்விஜியா, வாய்க்கால் ஓரத்திலேயே வளர்வதால் குழப்பம் கூடுதல். அதன் சூலகம் இதழ்களுக்குக் கீழே, காம்பு தடித்ததுபோல் நீண்டிருக்கும். நான்கு புல்லி இதழ்கள் அதன் உச்சியில் கிரீடம்போல் நின்று, காயான பிறகும் உதிராது. கடுகுக் குடும்பத்தில் சூலகம் இதழ்களுக்கு மேலே, பூவின் நடுவில் நிற்கும். புல்லி இதழ்கள் பூவோடு உதிர்ந்துவிடும். பூவைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தால் லென்ஸே தேவையில்லை.

நாய்க்கடுகு அல்லது நாய்வேளை, கிளியோம் விஸ்கோசா, பெயரிலேயே கடுகைச் சுமந்துகொண்டிருக்கிறது. தொட்டால் பிசுபிசுக்கும், நெடி அடிக்கும். இலை மூன்று முதல் ஐந்து சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும். மகரந்தத்தாள்கள் ஆறுக்கு மேல், பெரும்பாலும் பத்தும் அதற்கு மேலும் இருக்கும். இதழ்கள் நான்கும் சிலுவைபோல் விரியாமல் ஒரு பக்கமாக மேல்நோக்கி நிற்கும். காயைப் பிளந்தால் நடுவில் சவ்வுச் சுவர் இருக்காது.

காந்தலூர்ச் செடியின் பூவைக் காலை எட்டு மணி அளவில், வெயில் ஏறுமுன் பறித்துப் பிரித்தோம். புல்லி இதழ் நான்கு, ஒவ்வொன்றும் 2.5 மி.மீ. இதழ் நான்கு, சுமார் 3.5 மி.மீ. நீளம், அடி குறுகிய கரண்டி வடிவம். மகரந்தத்தாள் ஆறு: நான்கு நீளம், இரண்டு குட்டை. இந்த நான்கும் இரண்டும்தான் கடுகுக் குடும்பத்தின் முத்திரை. குட்டையான இரண்டும் எதிரெதிர்ப் பக்கங்களில், சற்றுத் தள்ளி, கீழிருந்து கிளம்பும். ஒரு பக்கமிருந்து மட்டும் பார்த்தால் ஐந்து தாள்கள்தான் தெரியும். எனவே ஒரு புல்லி இதழையும் ஓர் அல்லி இதழையும் ஊசியால் கழற்றிவிட்டு எண்ண வேண்டும். வயதான பூவில் மகரந்தப்பை உதிர்ந்து, தாள் மட்டும் நூல்போல் ஒட்டியிருக்கும். எண்ணிக்கை குறைவதற்கு இதுவும் ஒரு காரணம். ஐந்து பூக்களாவது பார்த்தபின் எழுதுவது நல்லது.

பூக்காம்பின் அடியில் சிறு இலைபோன்ற செதில் இருக்கிறதா என்பதையும் அப்போதே குறித்துக்கொள்ள வேண்டும். இங்கே இல்லை. தள்ளிப்போட்டால், செடி வாடிய பிறகு, செதில் உதிர்ந்ததா, முதலிலிருந்தே இல்லையா என்று தீர்மானிக்க முடியாமல் தவிக்க நேரும்.

காய்தான் பெயர் சொல்லும்

கடுகுக் குடும்பத்துப் பூக்கள் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாக இருக்கும், காய்களில்தான் அவை பிரிகின்றன. பழுத்த காய் இல்லாமல் இந்தக் குடும்பத்தில் பெயர் வைக்கக் கூடாது என்பதே எங்கள் கணிப்பு. நல்ல வேளையாகத் தை மாதத்தில் ஒரே செடியில் உச்சியில் பூவும் கீழே முற்றிய காயும் சேர்ந்திருந்தன.

முதலில் பயிர்களைத் தள்ள வேண்டும். முட்டைக்கோசுப் பாத்தி பக்கத்திலேயே இருக்கிறது, அறுக்காமல் விட்ட கோசு தண்டு நீட்டிப் பூக்கும். அந்தப் பூ வெளிர்மஞ்சள், இதழ் 1.5 செ.மீ.க்கு மேல், இலையில் சாம்பல் பூத்தாற்போல் மெழுகு படிந்திருக்கும். தாளிக்கும் கடுகான பிராசிக்கா ஜன்சியாவின் இதழ் பெரும்பாலும் 8 முதல் 11 மி.மீ. காய் 3 முதல் 5 செ.மீ. நீளம், 3 முதல் 4 மி.மீ. அகலம்; ஓட்டின் நடுவில் எடுப்பான நரம்பு ஓடும்; நுனியில் 5 முதல் 10 மி.மீ. நீளத்துக்கு விதையில்லாத ஒரு அலகு இருக்கும். நம் செடியில் எதுவும் ஒத்துவரவில்லை. காய் 16 முதல் 22 மி.மீ., அகலம் 1.3 மி.மீ. மட்டுமே. ஓடு காகிதம்போல் மெல்லியது, நரம்பு தெரியவில்லை. நுனியில் அலகு இல்லை, 1 மி.மீ. நீளச் சூல்தண்டு மட்டும் முள்போல் நின்றது. காய் லேசாக மேல்நோக்கி வளைந்திருந்தது. காம்பு 5 முதல் 7 மி.மீ.

சிறு மஞ்சள் பூ, அலகில்லாக் காய், நரம்பில்லா மெல்லோடு, மயிரில்லாத் தண்டு, பிளந்த கீழ் இலை: இவை சேர்ந்தால் ரோரிப்பா பேரினம். இதற்கு மேல்தான் வேலை நுணுக்கமாகிறது.

ரோரிப்பா பாலுஸ்ட்ரிஸின் காய் குட்டையாகப் பருத்திருக்கும். 4 முதல் 10 மி.மீ. வரைதான் வரும், காம்பும் ஏறக்குறைய அதே நீளம் இருக்கும். நம் செடியில் காய் காம்பைவிட மூன்று மடங்கு நீளம். அது போயிற்று.

ரோரிப்பா டூபியா அத்தனை எளிதில் போகாது. ஈர வரப்புகளில் வளரும், தோற்றத்தில் தம்பிபோல் இருக்கும். அதில் பெரும்பாலும் இதழ்களே இருக்காது. காய் 1 மி.மீ.க்கும் குறைந்த அகலத்தில் நூல்போல் நீளும். காயின் நடுச் சவ்வு பிரிக்கும் ஒவ்வோர் அறையிலும் விதைகள் ஒரே வரிசை. ரோரிப்பா இண்டிகாவில் இதழ் உண்டு, காய் சற்று அகலம், விதைகள் அறைக்கு இரண்டு வரிசை. இதழை மட்டும் நம்பினால் இரண்டு பக்கமும் பிசகும். இண்டிகாவிலும் அபூர்வமாக இதழ் இல்லாமல் போவதுண்டு, டூபியாவிலும் அபூர்வமாக இதழ் வருவதுண்டு. மழை பெய்த மதியத்தில் எடுத்த செடியில் இதழ் உதிர்ந்து போயிருக்கும். ஆகவே வரிசையை எண்ணியே தீர வேண்டும்.

எண்ணும் முறை இது. பூந்தண்டின் கீழ்ப்பகுதியிலிருந்து, மஞ்சளாகத் தொடங்கியும் வெடிக்காமல் இருக்கும் காய்களை மூன்று நான்கு எடுக்க வேண்டும். காய்ந்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் போட்டால் ஓடு இளகும். வெள்ளைத் தாள்மேல் வைத்து, காம்பு முனையிலிருந்து ஊசியை ஓட்டுக்குள் நுழைத்து மேல்நோக்கித் தூக்க வேண்டும், ஏனென்றால் இந்தக் காய் இயற்கையாகவே அடியிலிருந்து நுனிக்குத்தான் திறக்கிறது. நுனியிலிருந்து பிரித்தால் ஓடு கிழிந்து விதைகள் இடம் மாறிவிடும், பிறகு வரிசை என்று எதையும் எண்ண முடியாது. ஓடு கழன்றதும் சுற்றிலும் ஒரு சட்டமும் நடுவில் கண்ணாடி போன்ற சவ்வும் தெரியும். அந்தச் சவ்வின் ஒரு பக்கத்தில் உள்ள விதைகளை மட்டும் பார்க்க வேண்டும். இரு பக்கமும் சேர்த்துப் பார்த்தால் டூபியாகூட இரட்டை வரிசையாகத் தெரியும். முதல் காயில் நேர்ந்த பிழை இதுதான். இன்னொரு தடுமாற்றம் பிஞ்சுக் காயால் வரும்: விதை முற்றாதபோது இரண்டு வரிசையும் நெருங்கி, கோணல்மாணலான ஒரே வரிசைபோல் தோன்றும்.

மூன்று முற்றிய காய்களிலும் ஒரு பக்கத்தில் இரண்டு வரிசை தெளிவாக இருந்தது. ஆகவே இது ரோரிப்பா இண்டிகா. விதை செம்பழுப்பு, சுமார் 0.7 மி.மீ., மேலே தேன்கூட்டுப் பள்ளங்கள். இண்டிகாவின் ஒரு காயில் 60 முதல் 110 விதைகள் வரை இருக்கும் என்பது ஏட்டுக் கணக்கு. தாளிக்கும் கடுகு விதை 1 மி.மீ.க்கும் மேல், ஒரு காய்க்கு அதைவிட மிகக் குறைவு. "தாளிக்கலாம்னு உருவிப் பாத்தேன், தூசிதான் வந்துச்சு" என்று அந்த அம்மா சொன்னதற்கு விளக்கம் இந்த அளவுகளில் இருக்கிறது.

இலையைப் பற்றிக் கொஞ்சம்

இண்டிகாவின் அடியிலைகள் காய் பிடிக்கும் நேரத்தில் காய்ந்து போகும். காய் உள்ள செடியை மட்டும் எடுத்தால் அடியிலை கிடைக்காது, அடியிலை உள்ள செடியில் காய் இருக்காது. இளஞ்செடி, காய்த்த செடி இரண்டையும் ஒரே இடத்திலிருந்து எடுத்து ஒரே சேகரிப்பு எண்ணில் வைக்க வேண்டும். இளஞ்செடியில் கீழ் இலை யாழ் வடிவம்: நுனி மடல் பெரிது, பக்கமடல்கள் இரண்டு மூன்று இணை. மேலே போகப் போகப் பிளவு குறைந்து, வெறும் பல்விளிம்பு மட்டும் மிஞ்சியது.

இங்கே ரோரிப்பா சில்வெஸ்ட்ரிஸையும் சொல்லியாக வேண்டும். ஐரோப்பாவுக்கு உரிய அது உண்மையான பல்லாண்டுச் செடி. மண்ணுக்கடியில் படரும் வேர் துண்டானாலும் ஒவ்வொரு துண்டும் முளைக்கும், வட அமெரிக்காவிலும் ஜப்பானிலும் நர்சரி மண்ணோடு பரவியிருக்கிறது. அதன் இலைகள் மேல்வரை ஆழமாகப் பிளந்து, மடல்களிலும் பல் இருக்கும். தன் மகரந்தத்தால் தானே காய்க்காத இயல்பு அதற்கு உண்டு. ஒரே வேரிலிருந்து படர்ந்த கூட்டத்தில் காய் பிடிப்பது அரிது. காந்தலூர்ச் செடியில் ஒவ்வொரு பூவும் காயாகி விதை நிறைந்திருந்தது, மேல் இலை பிளவில்லாமல் இருந்தது. "வெட்டினாலும் வருது" என்ற சொல்லைக் கேட்டவுடன் சில்வெஸ்ட்ரிஸ் நினைவுக்கு வந்தது நியாயம்தான். ஆனால் மண்ணைத் தோண்டியபோது படரும் வேர் எதுவும் இல்லை.

வேர்: இந்த ஆய்வின் கனமான பகுதி

ரோரிப்பா இண்டிகா எத்தனை காலம் நிற்கும் என்பதில் ஏடுகளே ஒத்துப்போவதில்லை. சீனத் தாவர ஏடு அதை ஓராண்டுச் செடி என்கிறது. ஜப்பானிய நூல்கள் பல்லாண்டுச் செடி என்கின்றன. ஒரே இனத்தைப் பற்றித்தான் இரண்டும் பேசுகின்றன. இடத்துக்கேற்ப வாழ்நாள் மாறும் செடிகளில் இப்படி நேரும்: தண்ணீரும் மண்ணும் நிலைத்தால் வேர் தங்கும், பாத்தி ஆண்டுக்கு மூன்று முறை கொத்தப்பட்டால் விதையே கதி. எனவே ஏட்டைப் பார்த்து "பல்லாண்டு" என்றோ "ஓராண்டு" என்றோ நகலெடுப்பது பயனற்றது, அந்த இடத்துச் செடியைத் தோண்டித்தான் எழுத வேண்டும்.

ஆறு செடிகள் தோண்டப்பட்டன. மூன்று முட்டைக்கோசுப் பாத்தியிலிருந்து, மூன்று ஊற்று வாய்க்காலின் கல் இடுக்கிலிருந்து. பிடித்து இழுத்தால் வேரும் தண்டும் சேரும் கழுத்திலேயே அறுந்துவிடும். வேண்டிய சான்று முழுவதும் அந்தக் கழுத்தில்தான் இருக்கிறது. தண்டைச் சுற்றி ஒரு சாண் தள்ளி மண்வெட்டியைச் செங்குத்தாக இறக்கி, மண்கட்டியோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்து மண்ணைக் கரைத்தெடுக்க வேண்டும். கல் இடுக்கில் மண்வெட்டி இறங்காது. கம்பியால் நெம்பி ஒரு கல்லை நகர்த்தி எடுத்துவிட்டு, வாய்க்கால் ஒழுகாதபடி கல்லைத் திரும்ப வைத்துக் களிமண் பூச வேண்டும்.

பாத்திச் செடிகள் மூன்றிலும் ஒற்றை ஆணிவேர், பென்சில் முனை அளவு, வெளுப்பு. கழுத்தில் ஒரே தண்டு. பழைய அடையாளம் ஏதுமில்லை. இவை கடைசிக் கொத்துக்குப் பிறகு விதையிலிருந்து வந்தவை.

வாய்க்கால் செடிகளில் இரண்டு வேறு மாதிரி இருந்தன. வேர்க்கழுத்து சுண்டுவிரல் அளவு தடித்து, பழுப்பேறி, மேலே பட்டை செதில்செதிலாக உரிந்திருந்தது. பூத்து நின்ற தண்டுகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் இரண்டு மூன்று அடிக்கட்டைகள், அவற்றின் பக்கத்தில் இலைக்கொத்தாகப் புதுக் குருத்து. மூன்றாவது செடி கல்லுக்கு வெளியே நின்றது, அதன் வேர் பாத்திச் செடியைப் போலவே இருந்தது.

அடிக்கட்டை இருந்தால் உடனே பல்லாண்டு என்று எழுதக் கூடாது. இந்தப் பருவத்திலேயே மாடு கடித்த தண்டும், அரிவாள் பட்ட தண்டும் கட்டையாகத்தான் நிற்கும். வித்தியாசம் நுனியில் தெரியும். இந்தப் பருவத்து வெட்டு உள்ளே இன்னும் பச்சை, அழுத்தினால் நீர் கசியும், பட்டை இறுகப் பிடித்திருக்கும். போன பருவத்துக் கட்டை உள்ளீடற்றது, நார்நாராக உதிரும், பட்டை கழன்றிருக்கும், விரலால் நிமிண்டினால் கையோடு வரும். வாய்க்கால் செடிகளில் இருந்தவை இந்த இரண்டாம் வகை.

இன்னொரு பொய்ச் சான்று வீங்கிய வேர். முட்டைக்கோசு திரும்பத் திரும்ப நட்ட மண்ணில் கடுகுக் குடும்பச் செடிகளின் வேர் நோயால் கதாயுதம்போல் வீங்கும். நூற்புழு தாக்கினாலும் முடிச்சு விழும். அவசரத்தில் பார்த்தால் பல்லாண்டு வேர்க்கிழங்கு மாதிரி இருக்கும். நீளவாக்கில் பிளந்தால் தெரிந்துவிடும்: நோய் வீக்கம் வேரின் நடுவிலோ கிளையிலோ ஒழுங்கற்று இருக்கும், உள்ளே மாவுபோல் அழுகும், அதிலிருந்து குருத்து கிளம்பாது. நம் செடிகளில் தடிப்பு கழுத்தில்தான். உள்ளே மரத்தன்மை, குருத்துகள் அங்கிருந்தே கிளம்பியிருந்தன. குளிர்நாடுகளில் பல்லாண்டுச் செடியின் வேரைக் குறுக்கே சீவி ஆண்டு வளையங்களை எண்ணுவார்கள். பனிக்காலம் வளர்ச்சியை நிறுத்துவதால் அங்கே வளையம் விழுகிறது. ஊற்றுத் தண்ணீர் ஆண்டு முழுதும் ஓடும் இந்த வாய்க்காலில் அந்தக் கணக்கை நம்ப முடியாது.

"போன வருஷமும் இதே எடத்துல" என்ற சாட்சியம் மதிப்புள்ளது, ஆனால் அது இரண்டு பொருள் தரும். அதே செடி நின்றிருக்கலாம், அல்லது அதன் விதை அதே கல்லடியில் முளைத்திருக்கலாம். வெட்டினால் துளிர்ப்பதும் தனிச் சான்றாகாது. கழுத்துக்கு மேல் வெட்டினால் ஓராண்டுச் செடிகூடப் பக்கக்கிளை விடும். வெட்டித் துளிர்ப்பது வேறு, கோடை தாண்டி நிற்பது வேறு. கோடை தாண்டுகிறதா என்று காண ஒரே வழி அடையாளக் கட்டு. வாய்க்காலில் தோண்டாமல் விட்ட செடிகளில் நான்கின் அடியில், தண்டில் அல்ல, மண்ணில் ஊன்றிய கல்தூணில் கம்பி கட்டி எண் தொங்கவிடப்பட்டது. தண்டில் கட்டினால் தண்டு காய்ந்ததும் எண் வாய்க்காலோடு போய்விடும். செடிக்கும் கம்பிக்கும் உள்ள தூரத்தைச் செ.மீ.யில் எழுதி, மேலிருந்து படம் எடுத்து, பங்குனி, வைகாசி, ஆவணி என்று திரும்பிப் பார்க்க வேண்டும். புதிதாக முளைத்ததா, பழைய கழுத்திலிருந்து வந்ததா என்பதை அறிய விதையிலைகளைத் தேட வேண்டும். சிறு முளையில் அவை இரண்டும் சில வாரம் ஒட்டியிருக்கும். களையெடுக்க வரும் எல்லோரிடமும் அந்தக் கம்பியின் காரணத்தை முன்னமே சொல்லிவிட வேண்டும். ஒரு நாள் கூலியாளின் அரிவாள் போதும், ஓராண்டுக் கவனிப்பு வீணாக.

இந்த மண்ணுக்கு உரியதா

ரோரிப்பா இண்டிகாவின் இயல்பிடம் தெற்காசியா, கிழக்காசியா, தென்கிழக்காசியா என்று பரந்தது. அமெரிக்கக் கண்டத்தில் அது வந்தேறி. ஆகவே இந்தியாவுக்கு இயல்தாவரம் என்று தயக்கமின்றி எழுதலாம். ஆனால் அது சோலைக்காட்டுச் செடி அல்ல. ஈர வரப்பு, வாய்க்கால், தெருவோரம், பாத்தி என்று மனிதர் கிளறிய மண்ணைத் தேடி நிற்பது. ஆகவே குறிப்பில் "இந்தியாவுக்கு இயல்தாவரம், வளரிடம் விளைநிலமும் வாய்க்காலும்" என்று இரண்டையும் சேர்த்தே எழுதினோம். அந்த அம்மாவின் கேள்விக்கும் இதுவே நேர்மையான பதில்: ஊர்ச் செடிதான், களையும்தான்.

பெயரைத் தேடும்போது பழைய ஏடுகளில் இடறும் இடம் ஒன்றுண்டு. இந்தச் செடியை முதலில் லின்னேயஸ் சிசிம்பிரியம் என்ற பேரினத்தில் வைத்தார். பிறகு அது நாஸ்டர்ஷியம் இண்டிகம் ஆயிற்று. 1896இல் தாவரவியலாளர் ஹியர்ன் ரோரிப்பாவுக்கு மாற்றினார். தென்னிந்தியச் செடிகளுக்குக் கேம்பிளின் சென்னை மாகாணத் தாவர ஏட்டைத் திறப்பவர்கள், 1915இல் தொடங்கி வெளிவந்த அந்த வரிசையில் ரோரிப்பா என்று தேடினால் ஏமாறுவார்கள். நாஸ்டர்ஷியத்தின் கீழ் பார்க்க வேண்டும். இன்றைக்கு நாஸ்டர்ஷியம் என்றால் வெள்ளைப் பூ பூக்கும் நீர்க்கீரையான வாட்டர்கிரஸ். நீலகிரி போன்ற மலைகளின் ஓடைகளில் அது வந்தேறியாக வளர்கிறது. பெயர் ஒன்றானதால் இரண்டையும் கலந்து எழுதிவிடுகிறார்கள்.

தாளில் ஏற்றியது

பட்டா நிலத்துச் செடி என்பதால் உரிமையாளரின் ஒப்புதல் போதுமானதாக இருந்தது. பக்கத்திலேயே சின்னாறு வனவிலங்கு சரணாலயமும், வட்டவடைப் பக்கம் 2006இல் அறிவிக்கப்பட்ட குறிஞ்சிமலைச் சரணாலயமும் இருக்கின்றன. அந்த எல்லைக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு இலையைக்கூடப் பறிக்கக் கூடாது.

செடியை அழுத்தி உலர்த்தி ஒட்டும் தாளின் அளவு வழக்கமான 42 க்கு 29 செ.மீ. 40 செ.மீ. உயரச் செடியை வேரோடு வைக்கத் தண்டை ஒருமுறை மடிக்க வேண்டியிருந்தது. தடித்த கழுத்து உள்ள வேரை நீளவாக்கில் பிளந்து, வெட்டுமுகம் மேலே தெரிய வைத்தோம். முழு வேரை அப்படியே வைத்தால் அழுத்தும்போது பக்கத்து இலைகள் சரியாக அழுந்தாமல் சுருங்கும், அடிக்கட்டையும் நொறுங்கும். மலை ஈரத்தில் செய்தித்தாளை முதல் மூன்று நாளும் நாள்தோறும் மாற்றாவிட்டால் பூசணம் பிடிக்கும். மஞ்சள் இதழ் காய்ந்தால் வெளுத்து வெள்ளைபோல் ஆகும். நிறத்தைப் பறித்த அன்றே எழுதாவிட்டால் பின்னால் பார்ப்பவர் வெள்ளைப் பூ இனத்தோடு சேர்த்துவிடுவார். நான்கைந்து பூக்களை 70 சதவீத ஆல்கஹாலில் சிறு குப்பியில் போட்டுவைத்தோம், விதைகளைத் தாளில் மடித்த பொட்டலத்தில் தாளோடு ஒட்டினோம். பூச்சி அரிக்காமலிருக்கப் பாதரச உப்பு பூசும் பழைய வழக்கம் கையாள்பவருக்கே நஞ்சு, அதை வீட்டில் யாரும் முயலக் கூடாது. ஆழ்குளிர்ப் பெட்டியில் ஒரு வாரம் வைத்தால் போதுமானது.

ஒப்பிட்டுப் பார்க்க நல்ல இடம், கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் அளவைத் துறையின் தென்மண்டல மையத்தில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியம் என்னும் உலர்தாவரத் தொகுப்பு. கேரளப் பக்கம் திருவனந்தபுரம் மாவட்டத்துப் பாலோடு தாவரவியல் பூங்காவிலும் தொகுப்பு உண்டு. எடுத்துப் போகும் தாளில் முற்றிய காயும் வேரும் இல்லையென்றால் பயணம் வீண்.

தாளில் ஒட்டும் சீட்டில் எழுதிய முடிவு: "ரோரிப்பா இண்டிகா. ஊற்று வாய்க்கால் கல் இடுக்கில் பழைய தண்டுக்கட்டைகளோடு தடித்த வேர்க்கழுத்து. பாத்தியில் ஒருபருவச் செடி. இதழ் மஞ்சள், விதை அறைக்கு இரு வரிசை." "பல்லாண்டு" என்ற ஒற்றைச் சொல் சீட்டில் இல்லை. நான்கு கம்பிகளும் ஒரு கோடையைத் தாண்டிய பிறகு அதைச் சேர்க்கலாம்.

பிறகு தோட்டத்தில்

முட்டைக்கோசை அரிக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சி ரோரிப்பா இண்டிகாவிலும் முட்டையிட்டு வளரும். கோசு இல்லாத மாதங்களில் அது தங்க இந்தச் செடி இடம் கொடுக்கும். மறுபக்கம், கடுகுப் பயிரைச் சூறையாடும் அசுவினியை இது தாங்கி நிற்பதால், அந்த எதிர்ப்பைப் பயிருக்குள் கொண்டுவரும் ஆய்வுகளில் இந்தச் செடியைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதனால் தோட்டக்கார அம்மாவிடம் பாத்திச் செடிகளைக் கோசு நாற்று நடுவதற்கு இரண்டு வாரம் முன்பு, காய் மஞ்சளாகுமுன் வேரோடு பிடுங்கச் சொன்னோம். காய் முற்றிய செடியை வரப்பில் போட்டால் விதை அங்கேயே கொட்டும், அதைக் கோணியில் அள்ளி எடுத்துப் போய் எரிக்க வேண்டும். வாய்க்கால் கல் இடுக்கில் நிற்பவற்றைத் தொட வேண்டாம். மாதம் ஒருமுறை அவற்றின் இலையைத் திருப்பி, அடியில் பச்சைப் புழுவும் கண்ணாடி போன்ற சிறு துளைகளும் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தால் போதும். அங்கே புழு தெரிந்தால் பாத்தியிலும் அந்த வாரமே தேட வேண்டும்.